ஈயடைச்சான் பூத்த வருஷம்

ஐப்பசி மழை ஒன்பது நாள் நின்று பெய்துவிட்டுப் போன பிறகு, கிளுவங்காட்டு வலசில் பழனாத்தாளின் கொறங்காட்டு வடக்கு வேலியில் ஈயடைச்சான் கொடி எப்போதும்போலத் தளிர்த்து, எப்போதும்போலக் கிளுவைக் குச்சிகளைச் சுற்றி ஏறி, எப்போதும்போல மொட்டு விட்டது. மொட்டுகள்தான் எப்போதும் நிற்கிற அளவில் நிற்காமல் விரலாகி, சுரைக்காயாகி, சாக்கு மூட்டையாகி, கார்த்திகை பிறந்த அன்று விடிந்தபோது ஒவ்வொன்றும் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு வாய் திறந்து, பதினேழு பூக்களாக வேலியோடு வேலியாகப் படுத்துக் கிடந்தன.

கொறங்காடு என்றால் காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலம். உழவு கிடையாது, விதைப்பு கிடையாது. கொழுக்கட்டைப் புல்லும், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேலா மரமும், சுற்றிலும் கிளுவை வேலியும், உள்ளே மாடும், அவ்வளவுதான். அந்த வேலியில் ஈயடைச்சானைப் பார்க்காதவர்கள் ஊரில் இல்லை. மற்ற வருஷங்களில் அது சுண்டுவிரல் நீளந்தான் இருக்கும். அடியில் குடம்போல் பருத்து, நடுவில் குழாயாக ஒடுங்கி, வாயில் ஐந்து இதழும் நுனியில் ஒட்டிக்கொண்டு கூண்டுபோல் நிற்கும். கொசுவை விடச் சின்ன ஈ ஒன்று உள்ளே போகும், ஒரு நாள் முழுக்க வெளியே வராது, மறுநாள் வரும். மாடு மேய்க்கிறவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் அது.

பெரிய பூவுக்குள் முதலில் போனவன் தண்ணீர் திறந்துவிடுகிற ரங்கசாமி. காலையில் வால்வு திறக்கப் போனவன் மூன்றாவது பூவுக்கு முன்னால் நின்றான், மூக்கை உறிஞ்சினான், "எங்கம்மா கடலைக்காய் வறுக்கறா" என்றான், குனிந்து உள்ளே போய்விட்டான். அவன் அம்மா செத்து இருபத்திரண்டு வருஷம். குழாய்க்குள் விளக்குமாற்றுக் குச்சி கனத்தில் முடிகள் இருந்தன. எல்லாம் உள்பக்கம் பார்த்துச் சாய்ந்தவை. போகிறவனுக்குப் படிந்து கொடுத்து, போன பிறகு நிமிர்ந்து வழியை அடைத்துக்கொண்டன. அரிவாளோடு ஓடி வந்தவர்களை ரங்கசாமி உள்ளேயிருந்தே கத்தி நிறுத்தினான்: "வெட்டிப்போடாதீங்கப்பா, அம்மா உக்காந்திருக்கறா." மறுநாள் காலையில் முடிகளெல்லாம் வெயிலில் போட்ட கீரைத்தண்டாக வாடித் தொங்க, அவன் வெளியே வந்தான். முகம் குளித்தவன் முகம்போல இருந்தது. கீழுதட்டில் மட்டும் துவரம்பருப்பு அளவில் இரண்டு மஞ்சள் கட்டிகள், நடுவில் ஒரு கறுப்புக் கொக்கி போட்டுக் கவ்வியதுபோல ஒட்டிக்கொண்டிருந்தன. அன்றைக்கு ஊரில் எழுந்த ஒரே புகார், இரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதுதான்.

குழாயடியில் குடத்தோடு நின்று அந்தப் புகாரைச் சொன்னவர்களில் சாந்தாமணியும் ஒருத்தி. மாசி மாதம் நாலு நாள் காய்ச்சலில் தன் ஒரே மகளைக் கொடுத்தவள். மகள் வர்ணிகாவுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அதற்குப் பிறகு சாந்தாமணி சமைத்தாள், துவைத்தாள், தண்ணீர் எடுத்தாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள். அவள் புருஷன் சென்னியப்பன் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன். மொபெட்டின் பின்னால் நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு, சினைக்குக் கத்துகிற மாடு எந்தத் தோட்டத்தில் இருக்கிறதென்று போன் வந்தால் போய், மூடியைத் திறந்து, குளிர்ப்புகைக்குள் கைவிட்டு, வைக்கோல் கனத்துக் குழாயை எடுத்து, வேலையை முடித்துவிட்டு, "திரும்பக் கத்துதான்னு இருபத்தோரு நாள் பாருங்க" என்று சொல்லிவிட்டு வருகிறவன். மகள் போன பிறகும் அவன் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. சுற்று வட்டாரத்தில் அந்த வருஷம் பிறந்த கன்றுகளெல்லாம் அவன் கையால் உண்டானவை. வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான்; பெண்டாட்டியின் முகத்தை அவன் நிமிர்ந்து பார்த்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

ரங்கசாமி வெளியே வந்த மூன்றாம் நாள், பழனாத்தாளின் கிடாரி கத்துகிறதென்று போன சென்னியப்பன் மாட்டுக்குப் போகாமல் வடக்கு வேலிக்குப் போனான். பழனாத்தாள் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். ஏழாவது பூவுக்கு முன்னால் மொபெட்டை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனானாம். செய்தி வந்தபோது சாந்தாமணி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"என்ன வாசமாம்?" என்று மட்டும் கேட்டாள்.

சொல்ல வந்தவளுக்குத் தயக்கம். "உள்ளுக்குள்ள இருந்து கத்திச் சொன்னாருக்கா. எலுமிச்சம்பழச் சோறும், அழிரப்பரும், மத்தியானத்துக்கு மேல தலைப்பின்னல்ல வருமே வேர்வை, அதுவும்னாரு. பள்ளிக்கூடத்துப் பையத் தொறந்தாப்பல இருக்குதுன்னாரு."

சாந்தாமணி களைந்த தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றினாள், உலையில் அரிசியைப் போட்டாள், தீயைக் குறைத்தாள், பிறகு போனாள். ஏழாவது பூவின் வாயில் முகத்தை வைத்து இழுத்து இழுத்து மோந்தாள். பச்சை இலை வாசந்தான் வந்தது. எட்டாவதில் மோந்தாள், ஒன்பதாவதில் மோந்தாள், பதினேழையும் மோந்துவிட்டுத் திரும்ப ஏழாவதுக்கே வந்தாள். மழையில் நனைந்த இலையின் வாசம். சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெற்றவளுக்கு வராத வாசமா என்று யாரோ மெதுவாகச் சொன்னது அவள் காதில் விழுந்தது.

பத்து நாளில் ஊர் அந்தப் பூக்களைப் பழகிக்கொண்டது. டீக்கடைக்காரர் பாய்லரைத் தூக்கி வேலியோரம் வைத்தார். மகளிர் குழுக்காரர்கள் பெயர் எழுதி முறை வைத்தார்கள்; ஒரு பூவுக்கு ஒருவர், ஒரு நாள், அதற்கு மேல் அடுத்தவர். உள்ளே இருக்கிறவரின் வீட்டார் காலையில் துண்டும் வெந்நீரும் பிளாஸ்க்கில் காப்பியும் கொண்டுவந்து வாயருகே உட்கார்ந்திருப்பார்கள், பிரசவ வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற மாதிரி. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களிடம் "அவரு பூவுக்குள்ள இருக்கறாருங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்வது, காங்கேயத்துக்குப் போயிருக்கிறார் என்று சொல்வதுபோல ஆகிவிட்டது. ரேஷன் கடையில் எடை போடுகிறவர் முதல் சம்சாரத்தின் மருதாணிக்காகப் போனார். மில்லுக்குப் போகிற அண்ணன் தம்பி மூவர், கிணற்றில் விழுந்து செத்த நாயின் ஈரத்துக்காக ஒன்றாகப் போக முயன்று இடம் போதாமல் சண்டை போட்டுக்கொண்டார்கள். அம்மாவை இழந்தவர்கள், அத்தையை இழந்தவர்கள், விற்றுவிட்ட தோட்டத்து மண்ணுக்காக ஏங்கியவர்கள், எல்லோரும் போனார்கள். வெளியே வருகிறவர்களின் கீழுதட்டில் அந்த இரட்டை மஞ்சள் கட்டி இருந்தது. சோப்புக்குப் போகவில்லை, தேங்காயெண்ணெய்க்குப் போகவில்லை, டாக்டர் இடுக்கியால் பிடித்து இழுத்தும் போகவில்லை. அதை வைத்துக்கொண்டே வேலை பார்த்தார்கள். பகரம் மகரம் சொல்லும்போது உதடு தடுக்கியது. ஊரே கொஞ்ச நாள் கொழகொழவென்று பேசியது.

இன்னொரு தரம் உள்ளே போனவர்களுக்கு மட்டும் கட்டி விழுந்துவிட்டது.

நடுநிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிற பியூலா டீச்சருக்கு மார்த்தாண்டம் பக்கம். வர்ணிகாவுக்கு வகுப்பெடுத்தவர், இறுதிக்கு வந்தபோது வாசலிலேயே நின்று அழுதுவிட்டு உள்ளே வராமல் போனவர். சென்னியப்பன் உள்ளே போன அன்று மத்தியானம் சாந்தாமணி பள்ளிக்கூடத்துக்குப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"டீச்சர், அது என்னத்துக்கு இப்படிப் பண்ணுது?"

டீச்சர் தெற்கு வேலியிலிருந்து சாதாரண அளவுப் பூ ஒன்றைப் பறித்து வந்து, டிபன் பாக்ஸ் மூடியில் வைத்து, பிளேடால் நெடுக்கே பிளந்தார். குழாயில் முடி இருந்தது. அடிக்குடத்தில் சுவர் சில இடங்களில் எண்ணெய்க் காகிதம்போல வெளுத்து, வெளிச்சம் ஊடுருவியது.

"இது ஜன்னல் மாதிரி பாருங்க. உள்ள விழுந்த ஈ வெளிச்சம் வர்ற பக்கந்தானே வழின்னு நினைக்கும்? அங்கயே முட்டி முட்டி நிக்கும். நெஜமான வழி பின்னால இருட்டுல இருக்கு. அப்படி முட்டுறப்போ மகரந்தக் கட்டி அதோட வாயில கொக்கி போட்டு மாட்டிக்கும். மறுநாள் முடி வாடும், ஈ வெளிய போகும்."

"வாசம்?"

"ஈக்கு எது வேணுமோ அந்த வாசத்தைப் பூ விடும். உள்ள அந்தப் பொருள் இருக்காது."

"அப்புறம்?"

டீச்சர் பிளேடைக் கீழே வைத்தார். "ஒரு தடவை ஏமாந்தா பூவுக்குப் பிரயோசனம் இல்லம்மா. அந்த ஈ வெளிய வந்து, மறுபடியும் அதே வாசத்தை நம்பி வேற பூவுக்குள்ள போகணும். அப்பத்தான் கட்டி அங்க ஒட்டி, காய் பிடிக்கும். ரெண்டாவது தடவையும் ஏமாறுற ஈயை நம்பித்தான் இந்தச் செடியே இருக்கு."

"ஈக்கு என்ன கெடைக்குது?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றார் டீச்சர். பிளந்த பூவுக்குள்ளிருந்து கறுப்பாக ஏதோ ஒன்று தள்ளாடி நடந்து மூடியின் விளிம்புக்கு வந்து, பறந்து போயிற்று.

சாந்தாமணி நேராக ஏழாவது பூவுக்குப் போனாள். வேலியோரம் நின்ற ஒருத்தி, "அக்கா, உள்ள ஆளிருக்குது, முடி நிக்குது, போக முடியாது" என்றாள். சாந்தாமணி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். வாசம் வராதவளுக்கு முடி எதிர்க்கவில்லை. இந்தப் பக்கமும் படிந்தது, அந்தப் பக்கமும் படிந்தது. அவளைப் பூ ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. சுவர் ஊதாக் கோடு ஓடிய இளம்பச்சை. கடைசியில் நாலைந்து இடத்தில் வெளுத்த சுவர் வழியாகப் பகல் வெளிச்சம் பால்போல் வந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் அந்த வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, நெற்றியை ஒட்டவைத்து நின்றான். அவள் வந்த சத்தம் கேட்டுத் திரும்பினான். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"வா சாந்தா. சத்தம் போடாத. வீட்டுப்பாடம் எழுதறா."

அவள் அவன் பக்கத்தில் போய் வெளுத்த சுவரில் கண்ணை வைத்துப் பார்த்தாள். மங்கலாகப் புல்வெளி தெரிந்தது. ஒரு கன்று வெள்வேலா நிழலில் படுத்திருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

"ஏனுங்க, வாங்க போலாம். வழி அந்தப் பக்கம் இருக்குது."

"அழிச்சு அழிச்சு எழுதறா புள்ள. கோடு நேரா வரலைன்னு." அவன் குரல் பழைய குரலாக இருந்தது, கல்யாணமான புதிதில் இருந்த குரல். "உனக்கு வாசம் வருதில்ல?"

சாந்தாமணி மூச்சை இழுத்தாள். ஈர இலை. அவன் சட்டையின் வேர்வை. கை கழுவுகிற மருந்து. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வராது என்று சொன்னால் அந்தப் பார்வை திரும்பச் சுவருக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"வருதுங்க" என்றாள்.

"எலுமிச்சம்பழச் சோறு?"

"ஆமாங்க. நான்தான் கட்டிக் குடுத்தேன்."

அவன் சிரித்தான். அவள் உட்கார்ந்தாள், அவன் அவள் மடியில் தலைவைத்துப் படுத்து, மகள் எழுதுகிறதை, அழிக்கிறதை, பென்சிலைக் கடிக்கிறதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான், அவள் ஒவ்வொன்றுக்கும் ஆமாங்க, ஆமாங்க என்றாள், மகளை இழந்த பிறகு அவர்கள் இரண்டு பேரும் அவளைப் பற்றிப் பேசியது அந்தப் பூவுக்குள் அந்தப் பகலில்தான் முதல் தரம்.

மறுநாள் உதட்டில் மஞ்சள் கட்டியோடு வெளியே வந்தவன் வீட்டுக்குப் போய்க் குளித்தான், இரண்டு தோசை தின்றான், "வரட்டுமா" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பதினோராவது பூவுக்குப் போனான். அவள் தடுத்திருக்கலாம். டீச்சர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். வாசலில் நின்று, "பாத்துப் போங்க" என்றாள்.

அவன் கட்டி இல்லாமல் வெளியே வந்த மூன்று நாளில் பதினோராவது பூ பழுத்து உதிர்ந்தது. அது இருந்த காம்பில் இரட்டைக் காய் விட்டது. காங்கேயம் காளையின் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் பிரிந்து, நாளுக்கு நாள் நீண்டு, தைப்பொங்கலுக்குள் ஆள் நீளமானது. மற்றவர்கள் இரண்டாம் தரம் போன பூக்களிலும் காய் பிடித்தது. பூக்கள் எல்லாம் தீர்ந்து வேலியில் கொம்புகள் மட்டும் தொங்கியபோது, உள்ளே போக வழியில்லாதவர்கள் எல்லோரும் காய்களுக்குக் கீழே போய் உட்கார்ந்தார்கள். அங்கே உட்கார்ந்துதான் அந்தப் பேச்சு உண்டானது. யார் வாயில் முதலில் வந்ததென்று யாருக்கும் தெரியாது. பழனாத்தாள் சென்னியப்பனிடம் எல்லோர் முன்னாலும் சொன்னாள்:

"சினை ஊசி போடறவன் நீ. உனக்கா தெரியாது? காய் புடிச்சா அது சினைதானப்பா. என்ன வாசத்துக்குப் போனயோ அதுதான் பொறக்கும்."

அவன் அதற்குப் பிறகு ஊசி போடப் போகவில்லை. கேனில் நைட்ரஜன் வற்றியது. சுற்றுத் தோட்டங்களில் மாடுகள் கத்தின. கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலிக்கே வந்து கெஞ்சினார்கள். அவன் காயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாடுகள் மூன்று தரம் கத்தி ஓய்ந்தன. அந்தச் சுற்றில் அடுத்த வருஷம் கன்று விழப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

சாந்தாமணி மூன்று வேளையும் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள். "அவ வந்தா எந்த வகுப்புல சேத்தறது? மூணா, நாலா?" என்று ஒரு நாள் கேட்டான். "டீச்சரக் கேக்கறேனுங்க" என்றாள்.

மாசி கடைசியில் காய் பழுப்பேறியது. நாளைக்கு வெடிக்கும் என்று தெரிந்ததும் ஊர் குளித்து, துவைத்ததை உடுத்திக்கொண்டு வந்தது. ரங்கசாமி அம்மாவுக்கு உட்கார நாற்காலியும், வீட்டுக்கு அழைத்துப்போக ஆட்டோவும் கொண்டுவந்தான். எடை போடுகிறவர் இரண்டாவது சம்சாரத்திடம் சண்டை போட்டு, முதல் சம்சாரத்தின் புடவையை எடுத்து வந்தார். சென்னியப்பன் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டு, மடிப்பு கலையாமல் இரண்டு கையிலும் ஏந்தி நின்றான்.

வெயில் ஏறியதும் காய்கள் நெடுக்கே பிளந்தன. உள்ளே அடுக்கடுக்காக விதைகள் இருந்தன. தட்டையாக, பழுப்பாக, ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைப் பட்டு மயிர்க் கற்றை. காற்று அவற்றை ஒவ்வொன்றாக உருவி எடுத்தது. சத்தம்கூட இல்லை. பகல் முழுக்கக் கொறங்காட்டுக்கு மேல் வானம் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது, கிழக்கும் தெற்குமாக, மூலனூர் பக்கமாக, கரூர் பக்கமாக. நின்றவர்கள் காய்களுக்குள் கைவிட்டுத் துழாவினார்கள், ஓடு மட்டும் மிச்சமிருந்தது. ரங்கசாமி வெறும் நாற்காலியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தான்.

சென்னியப்பன் ஓடினான். சீருடையைத் தோளில் போட்டுக்கொண்டு, புல்வெளியில் குதித்துக் குதித்து ஒரு விதையைப் பிடித்தான். மூக்கில் வைத்தான். திருப்பி வைத்தான். பிறகு சாந்தாமணியிடம் கொண்டுவந்து நீட்டினான்.

"எனக்கு வரலை புள்ள. சளி புடிச்சிருக்கும். நீ பாரு. உனக்கு வருதில்ல?"

அவள் வாங்கினாள். வருது என்று சொன்னால் அவன் இன்னொரு மழைக்கு, இன்னொரு பூவுக்கு, இன்னொரு காய்க்கு உட்கார்ந்திருப்பான். கத்துகிற மாடுகளை நினைத்தாள். மூன்றா நாலா என்று அவன் கேட்டதை நினைத்தாள்.

"இல்லைங்க" என்றாள். "இதுலயும் வரலை. அன்னிக்கு உள்ள வந்தப்பவும் வரலை. எனக்கு வந்ததே இல்லைங்க."

அவன் அவளைத் திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூட, அவளுக்குத் தாங்கியிருக்கும். அவன் விதையை அவள் கையிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மறுநாள் விடிந்து பார்த்தபோது கேன் வாசலில் இருந்தது, மொபெட் இல்லை. அவனோடு இன்னும் பதினொரு பேர், விதை போன திசையில், ஊரை விட்டுப் போயிருந்தார்கள்.

ஊர் அதையும் பழகிக்கொண்டது. "விதைக்குப் பின்னால போனவங்க" என்று ஒரு வார்த்தை உண்டானது. ரேஷன் அட்டையில் அவர்கள் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்கள். கால்நடைத் துறையிலிருந்து புதிய ஆள் வந்து சாந்தாமணியிடம் கேனை வாங்கிப் போனான். வர்ணிகாவை இழந்த வீட்டில் சென்னியப்பனும் இல்லாமல் அவள் சமைத்தாள், துவைத்தாள், தண்ணீர் எடுத்தாள். அடுத்த கார்த்திகையில் வடக்கு வேலியில் ஈயடைச்சான் சுண்டுவிரல் அளவில்தான் பூத்தது. சின்ன ஈக்கள் போய் வந்தன.

மார்கழியில் ஒரு நாள், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"யக்கா, சாந்தாமணிங்கிறது நீங்கதான? நான் கோவில்பட்டிக்கு அங்கிட்டு ஒரு கரிசக்காட்டு ஊர்லேருந்து மாரிக்கனி பேசுதேன். உங்க வீட்டுக்காரர் சட்டைப்பையில இந்த நம்பர் இருந்துச்சு. எங்க வேலியில பூவுக்குள்ள இருக்காரு. முடியெல்லாம் வாடி மூணு நாளாச்சு. வழி தெறந்துதான் கெடக்கு. வெளிய வர மாட்டேங்காரு. நீங்க வந்து கூப்பிட்டுப் பாருங்க."

இரண்டு பஸ் மாறிப் போனாள். அந்த ஊரிலும் வேலியோரம் டீக்கடை வந்திருந்தது, முறை எழுதுகிற நோட்டு வந்திருந்தது, மஞ்சள் உதட்டுக்காரர்கள் கொழகொழவென்று பேசிக்கொண்டு பருத்திச் செடிகளுக்கு நடுவே நடந்தார்கள். மாரிக்கனி முப்பது வயசுக்காரி. ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, பூவைக் காட்டினாள். அது பழுத்துச் சுருங்கி, காம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கோ மறுநாளோ உதிர்ந்துவிடும்.

சென்னியப்பன் எலும்பாக இருந்தான். தாடி நெஞ்சைத் தொட்டது. வெளுத்த சுவர் பழுப்பேறி வெளிச்சம் குறைந்திருந்தது. அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தான்.

"பூ விழுந்துரும். வாங்க."

"விழட்டும்."

"ஏனுங்க." அவள் அவன் கையைப் பிடித்தாள். "வர்ணிகா செத்துப்போயிட்டாளுங்க. நம்ம கையால மண்ணு போட்டோம். இதுக்குள்ள இல்லை அவ."

"தெரியும் புள்ள."

"தெரிஞ்சுமா?"

"மொதப் பூவுலயே தெரியும். நானென்ன கொழந்தையா? ஒரு மாடு செனையா இல்லையான்னு கைவெச்சாச் சொல்றவன்." மெதுவாகப் பேசினான், உதட்டில் கட்டி தடுக்கியது. "அன்னிக்கு நீ வருதுன்னு பொய் சொன்னதும் தெரியும். சொல்லட்டும்னுதான் கேட்டேன். நல்லா இருந்துச்சு." அவள் கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்தான். "நீ கெளம்பு. நாலு மணிக்கு அப்புறம் இங்க பஸ்ஸு கெடையாது."

அவள் முந்தானையால் அவன் உதட்டைத் துடைத்தாள். கட்டி வரவில்லை. இன்னொரு தரம் துடைத்தாள். பிறகு வெளியே வந்தாள்.

மாரிக்கனி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே வந்தாள். வேலியை ஒட்டிய மண்பாதையில் பாதி தூரம் போயிருப்பார்கள், சாந்தாமணி சட்டென்று நின்றாள்.

"இங்க பக்கத்துல பள்ளிக்கூடம் இருக்குதுங்களா?"

"இல்லியேக்கா. பள்ளியொடம் மூணு மைலு தள்ளிலா இருக்கு. எதுக்கு?"

சாந்தாமணி மூக்கை உறிஞ்சினாள். எலுமிச்சம்பழச் சோறு, மூடி திறந்ததும் வருகிற முதல் ஆவி. அழிரப்பர். பென்சில் சீவிய மரத்தூள். மத்தியானத்துக்கு மேலான தலைப்பின்னலின் வேர்வை, அதில் காலையில் அவள் கையால் தேய்த்த எண்ணெய். பாதையோரத்தில், வேலியின் கடைசிப் பூ, யாரும் இல்லாமல் வாய் திறந்திருந்தது. அவள் முந்தானையை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டாள். துணிக்குள்ளும் வந்தது. கால் வேலிப் பக்கமாகவே போயிற்று. மாரிக்கனி இடுப்பில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு போனாள். பஸ் வந்து நின்றபோது அவளைப் படியில் ஏற்றிவிட்டதும் மாரிக்கனிதான்.

ஜன்னலோர இடம் இருந்தது. வேலி கூடவே ஓடி வந்தது, வாசமும் வந்தது. மூக்கிலிருந்து துணியை எடுத்துவிட்டு, முகத்தைக் கம்பிக்கு வெளியே நீட்டி, நெஞ்சு கொள்கிற மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தாள். ஒரு வளைவில் வேலி முடிந்தது. கரிசல் வெட்டவெளியாக விரிந்தது. இழுத்தாள், டீசலும் மண்ணுந்தான் வந்தன. திரும்பவும் இழுத்தாள். பிறகுதான் அவள் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தது, முன் சீட்டில் தூங்கிய குழந்தை விழித்துக்கொள்கிற மாதிரி.

கண்டக்டர் அந்தப் பாதையில் தினம் போய்வருகிறவர். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து, ஆறுதலாகச் சொன்னார்:

"பயப்படாதீங்கம்மா. ஊரைத் தாண்டியாச்சு. இனிமே வராது."